கிரைண்டருக்கு இரண்டு தட்டு

பவானிபூர் மாவுக்கடைக்குள் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. ஊறிய அரிசி காத்திருக்க, கிரைண்டர் உறுமுகிறது, சுற்றவில்லை. தங்கதுரை டிரம்மைக் கையால் தள்ளி, பஸ்ஸின் தகரத்தில் கண்டக்டர் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டி, "சோலோ, சோலோ!" - கிளம்பு, கிளம்பு - என்று வங்காள மொழியில் விரட்டுகிறான். கொஞ்ச நாளாக இப்படித்தான் அது கிளம்புகிறது. "தள்ளினாத்தான் போவா. கோயம்புத்தூர்க்காரி, ரோஷம் ஜாஸ்தி." அவன் மனைவி செல்வராணி பிளக்கைப் பிடுங்குகிறாள். கண்டென்சரைக் கழற்றி, அதில் தேங்கிய கரண்ட்டை ஸ்க்ரூடிரைவரால் இறக்குகிறாள். டப்பென்று ஒரு நீலப்பொறி. மல்டிமீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளை வைத்ததும் எண்கள் தடுமாறி ஏழில் நிற்கின்றன. கண்டென்சர்மேல் அச்சடித்திருப்பதோ பன்னிரண்டு. "ரோஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாவம், தெம்பில்லைங்க அவளுக்கு." தங்கதுரையின் முகம் சுருங்குகிறது. "நான் வேற தெனமும் திட்டினேனே." புதுக் கண்டென்சரை அளக்கிறாள், பன்னிரண்டு. மாட்டி, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போடுகிறாள். தள்ள நீண்ட அவன் கை எட்டுவதற்குள் டிரம் தானே சுற்றுகிறது. கை வேலையில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு மெல்ல இறங்கி, கிரைண்டரின் பக்கத்தில் வலிக்காதபடி இரண்டு தட்டுத் தட்டுகிறது. "சோலோம்மா, சோலோ."