எதிர் நாற்காலி

“புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிற பொண்ணுதானே? வாம்மா, வா. இன்னிக்கு வருவேன்னு சொன்னாங்க” என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் மேனேஜர்.

“ஆமா சார். இந்த வாரம்தான் சேர்ந்தேன்” என்றாள் அவள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“அங்க ஏன் உக்கார்ற? அது பார்ட்டிங்க உக்கார்ற எடம். இந்தப் பக்கம் வந்து உக்காரு.”

“பரவால்ல சார். எனக்கு இங்கயே வசதியா இருக்கு.”

அதே நாற்காலியில்தான் அன்றைக்கு அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். அவருடைய தையல் கடை எரிந்து சாம்பலாகியிருந்த சமயம் அது. பள்ளிக்கூடச் சீருடையில் அவளும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

இதே மனிதர் இதே பல்வரிசையைக் காட்டி அப்பாவுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். “அன்னிக்கு மனசு ஏதாச்சும் சரியில்லையாண்ணே?” என்று தோளைத் தொட்டுக் கேட்டார். அப்பா உருகிப்போய், “இஸ்திரிப் பெட்டிய அணைக்க மறந்துட்டேனோ என்னமோ சார்” என்று உளறிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அஜாக்கிரதை, அதனால் பணம் கிடையாது என்று கையை விரித்துவிட்டார் மனிதர்.

கடை போனால் போகட்டும். தன் குடும்பத்தின் பிழைப்பைத் தானே கொளுத்திவிட்டதாக அப்பா இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் மடிப்புக் கலையாத சட்டை தைத்துக் கொடுத்தவர், அதற்குப் பிறகு இஸ்திரிப் பெட்டியைக் கையால் தொடவில்லை. கசங்கிய சட்டையோடுதான் நடமாடுகிறார். கேட்டால், “அந்த சார் மேல தப்பில்லம்மா. தங்கமான மனுஷன், டீ எல்லாம் வாங்கிக் குடுத்தாரு” என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு ரத்தம் கொதிக்கும்.

பட்டம் வாங்கியதும் கூடப் படித்தவர்கள் பேங்க், கம்ப்யூட்டர் என்று பறந்தார்கள். இவள் மட்டும் இன்சூரன்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இன்றைக்கு இந்த அறைக்கு யார் போவது என்று பேச்சு வந்தபோதும், “நான் போறேன்” என்று முந்திக்கொண்டாள்.

“நம்ம வேல ஒண்ணும் கஷ்டமில்லம்மா” என்று மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்தார். “இப்ப ஒரு அம்மா வரும். பேக்கரி வெச்சிருந்துச்சு, தீப்பிடிச்சிடுச்சு. நான் எப்படிப் பேசறேன்னு பாத்துக்க. மொதல்ல டீ. அப்புறம் புள்ளைங்க என்ன படிக்குதுங்கன்னு கேக்கணும். அழுதா அழ விடணும். ‘அடுப்ப அணைச்சேனான்னு ஞாபகம் இல்ல சார்’னு ஒரு வார்த்த தானா வந்து விழும். அது போதும், அனுப்பிடலாம்.”

“மறந்துட்டா பணம் கெடையாதுன்னு பாலிசில இருக்கா சார்?”

“எங்கயும் இல்ல!” மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “வேணும்னே கொளுத்தினாத்தான் கெடையாது. மனுஷன்னா மறப்பான், அதுக்குத்தான இன்சூரன்ஸே? ஆனா அது நமக்குத் தெரியும், பார்ட்டிக்குத் தெரியாதே.”

இத்தனை வருஷமாக அப்பா சுமந்த பழி வெறும் பொய் என்று இவர் வாயாலேயே வந்துவிட்டது. அந்தப் பல்லையெல்லாம் தட்டிக் கையில் கொடுக்கலாமா என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள்.

“ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒரு தையல் கடைக்காரர் வந்தாரே, ஞாபகம் இருக்கா சார்?”

“தையல் கடையா?” மேனேஜர் நெற்றியைச் சொறிந்தார். “எத்தனையோ பேரு வந்து டீ குடிச்சிட்டுப் போறாங்க. எவன் ஞாபகம் வெச்சுக்கறது?”

“எல்லாருமே இப்படி மாட்டிக்குவாங்களா சார்?”

“தனியா வந்தா மாட்டாம எங்க போவாங்க? ஏஜென்ட்டு நம்ம ஆளு, வாயத் தொறக்க மாட்டான். இந்த இன்சூரன்ஸ் புரோக்கருங்கதான் தலவலி. பார்ட்டிக்காக வரிஞ்சு கட்டிட்டு வருவாங்க, பாலிசிய வரி விடாமப் படிப்பாங்க. அவங்க முன்னால நம்ம வித்தை பலிக்காது. நல்ல வேளை, சின்னக் கடைக்காரங்க அவங்ககிட்டப் போறதில்ல.”

அப்போது கதவு தட்டப்பட்டது. பேக்கரிக்கார அம்மா மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார். “மன்னிச்சுக்கங்க சார், பஸ் லேட்டாயிடுச்சு.”

பாடம் ஆரம்பம் என்பதுபோல மேனேஜர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். மணியை அழுத்தி டீ சொன்னார். முகத்தில் பரிதாபத்தை வரவழைத்துக்கொண்டார்.

“உக்காருங்கம்மா. பாவம், இந்த நெலமைல தனியாவா வந்தீங்க?”

அந்த அம்மா அவளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தனியா எங்க சார்? என் புரோக்கர்தான் எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்காங்களே!”