மிளகாய்ச் செடிக்கு விபூதி

பால்கனி மிளகாய்ச் செடியில் அசுவினிப் பூச்சி மொய்த்து, கொழுந்தெல்லாம் சுருண்டுவிட்டது. அடுப்புச் சாம்பல் தூவினால் போய்விடும் என்றார் எதிர்வீட்டுக்காரர். கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் சாம்பலுக்கு எங்கே போவது? அறிவழகன் தன் மனைவி வடிவின் முன்னால் வந்து நின்றார்.

"வடிவு, உன் விபூதி டப்பாவக் குடேன்."

வடிவு எடுத்துக் கொடுத்தாள். காய்ச்சலில் கிடந்த மகளுக்கு, கண்ணில் விழாமல் கையால் மறைத்து அவள் பூசிய விபூதியை, "மருந்து குடுத்தாச்சுல்ல, இது எதுக்கு" என்று ஈரத்துண்டால் துடைத்தவர் அவர். அந்தக் காய்ச்சலிலிருந்து மகள் எழவே இல்லை. அதற்குப் பிறகு அந்த டப்பா இருக்கும் பக்கம்கூட அவர் திரும்பியதில்லை.

"இலைக்கு அடியிலயும் பூசுங்க. அங்கதான் அப்பிக் கெடக்கும்" என்றாள்.

அவர் முட்டிபோட்டு ஒவ்வோர் இலையாகப் பூசினார். நுனிக் கொழுந்துக்கு வந்தபோது, கீழே விரிந்திருந்த பூவில் விழாமல் இடது கையால் மறைத்துக்கொண்டார்.