ஆபரேஷனுக்குப் பிறகு கவனிக்க வேண்டியவை

"இது என் பிள்ளையே இல்லை! டாக்டர் வாயால சொல்லட்டும், கேட்டுக்கறேன்!"

வெல்டிங் பட்டறைக்காரர் போட்ட சத்தத்தில் குடும்பநலப் பிரிவு வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி ஐந்து மாத வயிற்றோடு, குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு வருஷமாக இங்கே நான்தான் ஆலோசகர். ஆண்களைக் கருத்தடை ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைக்க நாயாய்ப் பேயாய் அலைகிறவள். இந்த ஆளையும் பட்டறை வாசலில் மூன்று நாள் நின்று, பேசிப் பேசித்தான் வழிக்குக் கொண்டுவந்தேன்.

"வார்த்தையை அளந்து பேசுங்க. கட்டின பொண்டாட்டியை நாலு பேர் முன்னாடி நிறுத்தி..."

"பின்னே என்ன மேடம்? எனக்கு ஆபரேஷன் ஆகி ஆறு மாசம். இவளுக்கு இப்ப அஞ்சு மாசம். நீங்களே கணக்குப் போடுங்க!"

பெஞ்சில் இருந்த பெண்கள் கணக்குப் போட்டேவிட்டார்கள். ஒருத்தி கன்னத்தில் கைவைத்தாள். இன்னொருத்தி தன் மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

அவர் மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "இன்னிக்கே எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடணுமாம்க்கா. பெரியவளையும் சின்னவனையும் விட்டுட்டு நான் மட்டும் போகணுமாம்."

இருவரையும் டாக்டரம்மா அறைக்குள் அழைத்துப் போனேன். அவர் ஸ்கேனையும் பழைய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆபரேஷன் முடிஞ்ச கையோட பலன் வந்துடாதுப்பா. குழாயில ஏற்கெனவே இருக்கிற உயிரணு போக மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஆணுறை போடணும். அப்புறம் விந்துப் பரிசோதனை பண்ணி, ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சாத்தான் விடணும். இந்தக் கரு தங்கினது ஆபரேஷன் முடிஞ்சு ஒன்றரை மாசம் கழிச்சு. இவங்களைச் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. நீங்க ஆணுறை போட்டீங்களா?"

பட்டறைக்காரர் திருதிருவென்று விழித்தார். "அதை யாரு சொன்னா?"

வந்ததே எனக்கு ஆத்திரம்! "யாரு சொன்னாவா? கையில நோட்டீஸ் குடுத்து அனுப்பினோமே! படிச்சாத்தானே? பொண்டாட்டி மேல பழி போட நேரம் இருக்கு, ஒரு காகிதத்தைப் படிக்க நேரம் இல்லையா? உங்களை மாதிரி ஆளுங்களுக்காக நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

அவர் சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழியும் நிலையில் இருந்தது.

"பத்து தடவை படிச்சேன் மேடம். ரெண்டு நாள் படுத்திருந்தேன். ஒரு வாரம் சிலிண்டரைத் தொடலை. தையல்ல தண்ணி படவிடலை. இதுல இருக்கிற அத்தனையும் செஞ்சேன். நீங்க சொல்ற ஆணுறை இதுல எங்க இருக்கு? காட்டுங்க."

டாக்டரம்மா வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"நான் எழுதிக் குடுத்ததுல இருந்துச்சே? மூணு மாசம், ஆணுறை, பரிசோதனைன்னு தெளிவா எழுதினேனே. எங்கே போச்சு?"

அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. அச்சகத்துக்குக் கொண்டுபோனவள் நான்தான்.

"இல்ல டாக்டர்... வீட்டுல பொம்பளைங்க, வயசுப் பிள்ளைங்க எல்லாரும் எடுத்துப் பார்க்கிற காகிதம். அந்த வார்த்தையெல்லாம் அச்சுல போட்டா அசிங்கமா இருக்குமேன்னு நான்தான் எடுத்துட்டேன். நேர்ல சொல்லிக்கலாம்னு..."

"நேர்ல சொன்னீங்களா?"

சொல்லவில்லை. ஒரு ஆம்பளையிடம் வாய்விட்டு அதை எப்படிச் சொல்வது என்று, பதினொரு வருஷமாகப் பூசி மெழுகியே பழகிவிட்டேன்.

டாக்டரம்மா பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒண்ணும் லேசுப்பட்டவர் இல்லை. சந்தேகம் வந்த அன்னிக்கே இங்க வந்து கேட்டிருக்கலாம். நேரா அவங்க மேலதானே பாஞ்சீங்க?"

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அவள் தலையை நிமிர்த்தினாள். புருஷனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அந்த ஒரு வார்த்தை உங்களுக்கு அசிங்கமாப் பட்டுதாக்கா? அதை நீங்க எடுத்ததால, ரெண்டு மாசமா என் பிள்ளைங்க முன்னாடி நான் கேட்ட வார்த்தையெல்லாம் இருக்கே... ஒண்ணே ஒண்ணைச் சொல்லட்டுமா? உங்க காது தாங்குமா?"