உரித்த கடலை செல்லாது

குட்டிக்குக் கடலை உரித்துக்கொண்டே அணில் கூச்சத்தோடு சுவர்ப் பல்லியிடம் கேட்டது.

"அண்ணே, நேத்துப் போக்கர் சீட்டுப் போட்டியில, இருக்கறதுலயே பெரிய சீட்டு, ரெண்டு ஆஸ் வந்துச்சுன்னு எல்லாத்தையும் பந்தயமா வச்சேன். எவனோ உதவாத சீட்டை வச்சு என்னை வெளிய தள்ளிட்டான். நான் ஆடினது தப்பா?"

"நீ ஆடினது சரிதான் தங்கச்சி," என்றது பல்லி.

"முந்தாநாள் நானே உதவாத சீட்டை வச்சு ஜெயிச்சேனே?"

"அதுதான் தப்பு."

அணிலுக்குத் தலை சுற்றியது. பொந்தில் கிடக்கும் பழைய போனில், முகம் தெரியாதவர்களோடு ஆடும் ஆட்டம் அது. போட்டியில் சேரக் காக்கையிடம் ஒரு முழுக்கடலை கட்ட வேண்டும், உரித்தது செல்லாது. அதற்கென்று கடைசிக் கடலை ஒன்றைத் தனியே ஒதுக்கியிருந்தது. தான் தேறியிருக்கிறோமா என்று இன்றைக்காவது தெரிய வேண்டும்.

"தோத்தா சரி, ஜெயிச்சா தப்புன்னா, நான் தேறுறதை எதை வச்சுப் பாக்குறது?"

"நூறு போட்டி ஆடிப் பாரு, தெரியும்."

"நூறு கடலைக்கு நான் எங்க போவேன்!"

"எங்கயாவது போய்க் கொண்டா, நான் வாங்கிக்கிறேன்," என்று காக்கை வந்து உட்கார்ந்தது. "நேரமாச்சு. இன்னைக்குக் கடலை எங்க?"

அணில் குனிந்து பார்த்தது. பேச்சு மும்முரத்தில் கை அதையும் உரித்து வைத்திருந்தது.

"ஐயோ, போச்சே!"

"இது நல்ல ஆட்டம்," என்றது பல்லி.

"நான் இன்னும் ஆடவே இல்லையே அண்ணே! ஆடாததைப் போய் நல்ல ஆட்டம்னு நீ எப்படி..."

"அம்மா, பசிக்குது!"