அடுத்த தவணை

வேளாண்மை ஆபீஸ் வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டதுமே சந்திரலேகாவுக்கு எரிச்சல் வந்தது. மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டாள்.

அமராவதிபுதூர் முத்துக்கருப்பன்தான். பம்புசெட்டு, தென்னந்தோப்பு, சொந்த டிராக்டர் என்று எதிலும் குறைவில்லாத மனுஷன். விவசாயிகளுக்கு அரசு நாலு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற இரண்டாயிரத்துக்காக, இந்தக் கொரோனா காலத்திலும் வாரம் தவறாமல் ஆபீஸ் படியேறுகிறார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நினைக்கிற ஆள் என அவள் எப்போதோ முடிவுகட்டியிருந்தாள்.

"அடுத்த தவணை எப்ப வரும் தாயி?"

"போன வாரமும் இதைத்தானேய்யா கேட்டீக? ஊரே ஆஸ்பத்திரியில பெட்டு கிடைக்காம அல்லாடுது. உங்களுக்கு இந்த ரெண்டாயிரம் வந்துதான் உலை கொதிக்கணுமா?"

அவர் கோபப்படவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பணம் ஏறுனா பாங்க்ல இருந்து மெசேஜ் வருமே. அதைப் பாத்துக்கிறதுக்கு என்ன?"

"அது என் மகன் அழகுராஜா நம்பருக்குல்ல போகுது. கணக்கு ஆரம்பிச்சப்ப என்கிட்ட போன் இல்ல, அவன் நம்பரைக் குடுத்தான். இப்ப சிங்கப்பூர்ல இருக்கான்."

"அவ்வளவுதானே? பாங்க்ல சொன்னா உங்க நம்பரையே போட்டுருவாக. இப்படி அலைய வேணாம்ல."

"அது மட்டும் வேணாம் தாயி" என்றார் பதறிப்போய்.

"ஏன்?"

முத்துக்கருப்பன் தரையைப் பார்த்தார்.

"ஜெரினான்னு சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு. கட்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்னான். என் முகத்துல முழிக்காதன்னு சொல்லிட்டேன். அதோட பேச்சு நின்னுபோச்சு. இந்தப் பணம் ஏறுனா மட்டும் போன் பண்ணுவான். 'ரெண்டாயிரம் வந்திருக்கு, எடுத்துக்கங்க'ம்பான். நான் சரிம்பேன். வச்சிருவான். நம்பரை மாத்திட்டா அவன் எதுக்குத் தாயி பண்ணப் போறான்?"

"நீங்களே கூப்பிட்டுப் பேசலாம்ல?"

"போகச் சொன்ன வாயால எப்படிக் கூப்பிடுறது? அங்க ஆளுகளை ரூமுக்குள்ளயே அடைச்சு வச்சிருக்காகளாம். சாப்பிட்டானா, காய்ச்சல்ல கிடக்கானான்னு ஒண்ணும் தெரியல. குரலைக் கேட்டா போதும் தாயி."

சந்திரலேகாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். கம்ப்யூட்டரில் அவர் பேரைப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.

"போன தவணை வந்துச்சாய்யா?"

"வந்துச்சே. பொங்கலுக்கு முன்னாடி. அவன்தான் போன் பண்ணிச் சொன்னான். நானே பாங்க்ல போய் எடுத்தேன்."

"அதுக்கு முந்துனது?"

"அதுவும்தான்."

அவள் கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்கய்யா. போனைக் கையிலயே வச்சிருங்க."

டிராக்டர் தெருமுனை திரும்பியதும், திரையில் அவர் பேருக்கு நேரே இருந்த மகனின் நம்பரைத் தன் போனில் அடித்தாள். சிங்கப்பூர் போயும் அவன் ஊர் நம்பரை விடவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"தம்பி, வேளாண்மை ஆபீஸ்ல இருந்து பேசுறேன். ஆதார் இணைக்கலைன்னு உங்கப்பாவுக்கு அரசாங்கம் போன வருஷமே பணத்தை நிறுத்திருச்சு. நீங்க அடுத்த தவணையை எப்பப் போடப் போறீக?"