பாவனைக்கு உதவாதது

"இந்த ஒடஞ்ச சாமானப் பிரிக்கவே வேணாம் டீச்சர். வந்த எடத்துலயே கொண்டுபோய்ப் போட்டுட்டு வாறேன்."

தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற வீரய்யா பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். ஆணி அடித்த பலகைப் பெட்டி. மேலே சிங்களத்திலும் தமிழிலும் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தது: பாவனைக்கு உதவாதது.

தெரேசா டீச்சருக்கு அழுகை முட்டியது. கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டி கேட்டு டவுன் பெரிய பாடசாலைக்கு அவர் எழுதிய கடிதத்துக்கு, மூன்று மாதம் கழித்து வந்த பதில் இந்தப் பெட்டிதான்.

நாளைக்கு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வருகிறார்கள். நுணுக்குக்காட்டி இருந்தால்தான் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு உயர்தர விஞ்ஞான வகுப்பு. இல்லையென்றால் வீரய்யாவின் மகள் கிருஷாந்தியோடு சேர்த்து ஏழு பிள்ளைகளும் கலைப்பிரிவுதான்.

"ஓ.எல். பரீட்சையில விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவ டீச்சர். வெங்காயத் தோலுக்குள்ள என்ன இருக்குன்னு புத்தகத்துப் படத்துலதான் பாத்திருக்கா."

வீரய்யா வட்டவளையில் பஸ் ஏறினார்.

"என்னண்ணே பெட்டியில?" என்றான் கண்டக்டர்.

"டவுன் குப்பை. டவுனுக்கே திருப்பிக் கொண்டு போறேன்."

"குப்பைக்கு டிக்கட் இல்லண்ணே. சீட்டுக்கு அடியில தள்ளுங்க."

வீரய்யா செருப்புக் காலாலேயே தள்ளினார்.

பெரிய பாடசாலை ஆய்வுகூடத்தில் கிளைவ் சேர் மட்டும் இருந்தார். சிவப்பு மைக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர். அவருக்குப் பின்னால், கண்ணாடி அலுமாரி நிறைய நுணுக்குக்காட்டிகள்.

வீரய்யா பெட்டியை டொம்மென்று மேசையில் போட்டார்.

"ஐயோ, மெதுவா!" கிளைவ் சேர் பதறி எழுந்தார்.

"ஒடஞ்ச சாமானுக்கு என்ன சேர் மெதுவா? நல்லதெல்லாம் ஒங்க அலுமாரியில, ஒடஞ்சது எங்க புள்ளைகளுக்கா? கவ்வாத்து வெட்டுறவன் புள்ளைன்னா எதக் குடுத்தாலும் வாங்கிக்குவான்னு நெனச்சீங்களோ?"

"சத்தம் போடாதீங்க அண்ணே."

"போடுவேன். ஒங்க பள்ளிக்கூடத்து அதிபர் வரட்டும். நாலு பேருக்குத் தெரியட்டும்."

கிளைவ் சேர் வாசலை எட்டிப் பார்த்தார். போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

பயந்துட்டார்டா, என்று நினைத்துக்கொண்டார் வீரய்யா.

திரும்பி வந்த கிளைவ் சேர் பெட்டியின் ஆணியை நெம்பினார். உள்ளே பழைய பேப்பர் சுற்றிய மூன்று நுணுக்குக்காட்டிகள். ஒன்றை எடுத்து ஜன்னலோரம் வைத்தார். மேசையில் கிடந்த வெங்காயத் துண்டில் மெல்லிசாய்த் தோல் உரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, எதையோ திருகினார்.

"கண்ண வச்சுப் பாருங்க."

வீரய்யா வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

வீட்டில் மனைவி மீனம்மா தினமும் வெட்டுகிற வெங்காயம். அதற்குள்ளே தோட்டத்து வீட்டு வரிசை போல லயம் லயமாக. லயத்துக்குள் அறை அறையாய், காம்பிரா காம்பிராவாக அடுக்கு. ஒவ்வொரு காம்பிராவிலும் ஒரு புள்ளி, ஆள் குடியிருக்கிற மாதிரி.

"சேர்... இது நல்லா வேலை செய்யுதே?"

"மூணும் செய்யும். இன்னும் கையே படாத புதுச் சாமான்."

"பின்ன ஏன் ஒடஞ்சதுன்னு..."

"இங்க தேவைக்கு மேல கெடக்கு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மூணு குடுப்போம்னு மேலிடத்துக்கு ரெண்டு தரம் எழுதிக் கேட்டேன். நல்ல சாமான் வெளிய போகக் கூடாதுன்னுட்டாங்க. உதவாததுன்னு எழுதினாத்தான் அண்ணே அது கேட்டைத் தாண்டும்."

வீரய்யா அந்தச் சிவப்பு எழுத்தை மறுபடி பார்த்தார்.

"டீச்சருக்கு இத எழுதவா முடியும்? பெட்டியத் தொறந்து பாப்பீங்கன்னு நெனச்சேன்."

"தொறக்கவே இல்லீங்க சேர்."

"நீங்க போட்ட சத்தத்துக்கு அதிபர் வந்திருந்தா, இந்நேரம் நானும் பாவனைக்கு உதவாதவன்தான்." கிளைவ் சேர் சிரித்துக்கொண்டே ஆணியை அடித்தார். "பள்ளிக்கூடம் போனதும் அந்தத் தாளைக் கிழிச்சிடுங்க. அதுவரைக்கும் இருக்கட்டும்."

திரும்பும்போதும் அதே பஸ். அதே கண்டக்டர்.

"என்னண்ணே, குப்பைய அவங்க வாங்கிக்கலையா?"

"இல்ல தம்பி. ரெண்டு டிக்கட் குடு."

"ரெண்டா? இன்னொண்ணு யாருக்கு?"

வீரய்யா பெட்டியை ஜன்னலோரச் சீட்டில் வைத்து, விழாமல் கையை அணை கொடுத்துக்கொண்டார்.

"குப்பைக்குத்தான். டிரைவர்கிட்ட சொல்லு, பள்ளம் பாத்து மெதுவா ஓட்டட்டும்."