பின்சீட்டுக் குழாய்

"இதுவும் சரியில்ல, முட்டியில இடிக்குதும்மா!"

இரண்டு இடத்தில் வளைந்த இரும்புக் குழாயை மேசைமேல் 'ணங்'கென்று வைத்தாள் செல்லியம்மாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஸ்டெஃபி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஆரணிக் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குழாய் வளைக்கும் பட்டறையில், அவள் தனியாக வரைந்து கொடுத்த முதல் வேலை இது. ஸ்கூட்டரில் பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ள, சீட்டின் வலது பக்கமாக ஓடி, முன்னால் கைப்பிடியாக எழும்பி நிற்கும் குழாய். முதலில் செய்து கொடுத்தது, 'பிடிக்கறதுக்குக் குனிய வேண்டியிருக்கு' என்று திரும்பி வந்தது. இப்போது முட்டி.

"ஆச்சு, ரெண்டு!" என்றபடி வந்தார் முதலாளி ஜெகநாதன். "கம்பியை வளைச்சு வச்சுப் பாத்தா அஞ்சு நிமிஷ வேலை. நீ கம்ப்யூட்டர்ல படம் காட்டிகினு இருக்கே. மூணாவதும் திரும்பி வந்துச்சுன்னா, அதை மூடி வச்சிட்டு போன் எடுக்குற வேலையைப் பாரு, ஆமா!"

"அளவெல்லாம் நானே டேப்பு வச்சு எடுத்தேன் சார். அம்மாவை இதே ஸ்டூல்ல உக்கார வச்சு."

"ஆமாங்க," என்றாள் செல்லியம்மாள். "கை, தோளு, இடுப்புன்னு ஒண்ணு விடல. ஜாக்கெட்டு தைக்கக்கூட நான் இவ்ளோ அளவு குடுத்தது கிடையாது."

ஸ்டெஃபி திரையைத் திருப்பிக் காட்டினாள். மௌஸை அசைத்ததும் ஸ்கூட்டர் படம் மெதுவாகச் சுழன்றது. நீல நிறத்தில் குழாய். பின்சீட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மை.

"இது யாரு?"

"பின்னாடி உக்கார்றவங்கம்மா."

பொம்மைக்குத் தலையில் ஒரு முடி இல்லை. செல்லியம்மாள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அப்புறம் உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

"அச்சு அசலா இருக்குதே! எப்படிம்மா கண்டுபுடிச்சே?"

கிண்டல்தான் என்று நினைத்து ஸ்டெஃபி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமா, காலைக் காணோமே?"

"கால் இந்தப் பக்கமே வராதும்மா. அதான் வைக்கலை." புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்தால் கால் இரண்டும் இடது பக்கம்தான் தொங்கும். குழாயோ வலது பக்கம். இதில் முட்டி எங்கிருந்து வந்து இடிக்கிறது?

"வராதா? நல்லா வருதும்மா! அதானே பேஜாரே!"

"நகரு, நகரு." ஜெகநாதன் ஒரு மெல்லிய கம்பியோடு வந்தார். "அக்கா, கையை நீட்டுங்க."

"உங்களுக்கும் என் கைதானா? சரி, புடிங்க."

அவர் அவளுடைய கைக்கு வாகாகக் கம்பியை மடக்கி, இன்னொரு மடக்கும் மடக்கி, வெற்றியோடு தூக்கிக் காட்டினார்.

"கம்பி இப்படி மடங்கும் சார், குழாய் மடங்காது," என்றாள் ஸ்டெஃபி. "ரெண்டு வளைவுக்கு நடுவுல கொஞ்சமாவது நேரா இருந்தாதான் மெஷினுக்குப் புடிமானம். இல்லன்னா நசுங்கிடும்."

"எனக்கே மெஷின் சொல்லித் தரியா நீ?"

"அட, சண்டை வேணாங்க!" செல்லியம்மாள் நடுவில் புகுந்தாள். "மடியில தறிக்குப் போற பட்டுப் பாவு மூட்டை இருக்கும். ஒரு கை அதை அணைச்சுக்கணும். மிச்சம் ஒரு கைதான். போன மாசம் வேகத்தடையில பாவும் ஆளும் சேந்து ரோட்டுக்குப் போயிருக்கும். தப்பிச்சது பெரும்பாடு. எனக்கு அந்த ஒரு கைக்குப் புடிப்பு வேணும். அது கம்ப்யூட்டரா இருந்தா என்ன, கம்பியா இருந்தா என்ன?"

ஸ்டெஃபி எழுந்தாள். "வாங்கம்மா. வண்டியிலயே உக்காந்து காட்டுங்க. எங்க இடிக்குதுன்னு என் கண்ணால பாக்கறேன்."

"இதை மொதல்லியே சொல்லி இருக்கக் கூடாதா?"

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். ஜெகநாதன் கம்பியைக் கீழே வைக்கவில்லை. திரும்பி வந்த குழாயை ஆள் வைத்து மறுபடி வண்டியில் மாட்டினார். செல்லியம்மாள் எதிர் டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க! ஜல்தி வாங்க! அளவு பாக்கணுமாம்!"

பாவு மூட்டையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, பனைமர உயரத்தில் ஒருவர் சாலையைக் கடந்து வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு. சுப்பன்."

"வணக்கங்க," என்று ஸ்டெஃபி ஒதுங்கி வழிவிட்டாள். "நீங்க மொதல்ல முன்னாடி ஏறிக்குங்க. அப்புறம் அம்மா உக்காரட்டும்."

"முன்னாடியா?" சுப்பன் இரண்டடி பின்வாங்கினார். "எனக்கு சைக்கிளே ஓட்ட வராதும்மா!"

அதற்குள் செல்லியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறிச் சாவியைத் திருகிவிட்டாள். சுப்பன் மூட்டையோடு பின்னால் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்தார். வலது முட்டி குழாயில் 'ணங்'கென்று இடித்தது. அவருடைய வழுக்கைத் தலை வெயிலில் பளபளத்தது.

ஜெகநாதன் கம்பியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அம்மா... அப்போ என்னை ஏன் உங்களை அளக்க விட்டீங்க?"

"ஓட்டுறவளுக்கும் அளவு வேணும்போலன்னு நெனச்சேன்!"

ஜெகநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீயே வரைம்மா. இந்தத் தடவை காலோட வரை."

ஸ்டெஃபி டேப்பை எடுத்துச் சுப்பனின் முட்டியில் வைத்தாள்.

"அளந்து முடிச்சதும் என் வண்டிக்கு முன்னாடி இருக்குற அந்த இன்னொரு ஸ்கூட்டரைக் கொஞ்சம் நகத்தச் சொல்லு, கண்ணு. குறுக்கால நிக்குது," என்றாள் செல்லியம்மாள். "யாரு ஓட்டிகினு வந்த வண்டி அது?"

சேவூரிலிருந்து தினமும் அதைத் தானே ஓட்டிக்கொண்டு வரும் ஸ்டெஃபி, டேப்பில் இருந்த எண்களிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.